தப்படி எண்ணிய பண்டிதர்

நெடுந்தூரம் நடந்தவர்கள் உலகில் பலர் உண்டு. புண்ணியம் தேடி நடந்தவர்கள் உண்டு. பொருள் தேடி நடந்தவர்கள் உண்டு. அரசன் ஆணைக்கு அஞ்சி நடந்தவர்களும் உண்டு. ஆனால் தாம் எடுத்து வைத்த அடிகளை எல்லாம் எண்ணிக்கொண்டே ஆயிரத்து இருநூறு மைல் நடந்தவர் எத்தனை பேர்? அப்படி நடந்த ஒருவரின் வாழ்க்கையைத்தான் நம் மன்ற மலரில் எழுத விழைகிறேன். அவர் பெயர் நைன் சிங் ராவத்.

எவரெஸ்டு என்ற பெயரை அறியாத பள்ளிச் சிறுவன் இல்லை. அது நில அளவை இலாகாவின் தலைவராக இருந்த ஓர் ஆங்கிலேயரின் பெயர். அதே இலாகாவுக்காகப் பனியிலும் பாலையிலும் கால் தேய நடந்த நைன் சிங்கின் பெயரோ நம்மில் பலருக்குப் புதிதாக இருக்கும். பௌதிகம் பயிலும் எனக்கும் மூன்று ஆண்டுகளுக்கு முன்புவரை அது புதிதுதான். தமிழ்நாட்டை விட்டு இந்த வடபுலத்துப் பல்கலைக்கழகத்துக்கு வந்த பிறகே அவர் வரலாறு கண்ணில் பட்டது. மலையைக் கண்டு மயங்கி நான் அவரிடம் ஈடுபட்டேன் அல்லேன். அவருடைய கணக்குதான் என்னை ஈர்த்தது.

மலைக்கு அப்பால்

நைன் சிங் 1830ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 21ஆம் நாள் குமாவுன் மலைநாட்டில், ஜோஹார் பள்ளத்தாக்கில் உள்ள மிலம் என்ற சிற்றூரில் பிறந்தார். இன்று அது உத்தரகாண்ட மாநிலத்தின் பிதோராகர் மாவட்டத்தில் இருக்கிறது. 3,400 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில், பனிப்பாளம் உருகிக் கோரிகங்கை ஆறு பிறக்கும் இடத்துக்கு அருகில் உள்ள ஊர். அங்கு வாழ்ந்தவர்கள் வணிகர்கள். கோடைக்காலத்தில் கணவாய்களைக் கடந்து திபெத்துக்குத் தானியம் கொண்டுபோவார்கள். உப்பும் கம்பளி மயிரும் வெண்காரமும் கொண்டுவருவார்கள். குளிர்காலம் வந்துவிட்டால் ஊரைப் பூட்டிக்கொண்டு கீழே முன்சியாரிப் பக்கம் இறங்கிவிடுவார்கள். ஆண்டுதோறும் இரண்டு ஊர், இரண்டு வீடு. ஆதலால் நடை அவர்களுக்குப் பயிற்சி அன்று, பிழைப்பு. திபெத்து மொழியும் பழக்க வழக்கங்களும் சிறு வயதிலேயே படிந்துவிடும்.

1855 முதல் 1857 வரை ஷ்லாகின்ட்வைட் சகோதரர்கள் என்ற ஜெர்மானிய ஆராய்ச்சியாளர்கள் இமயப் பகுதிகளில் சுற்றினார்கள். அவர்களோடு நைன் சிங்கும் அவருடைய உறவினர் மணி சிங்கும் வேலைக்குப் போனார்கள். மானசரோவரையும் லடாக்கையும் கண்டார்கள்; அளவைக் கருவிகளையும் முதன்முதலாகக் கையில் எடுத்தார்கள். பிறகு நைன் சிங் ஊர் திரும்பி 1858 முதல் ஐந்து ஆண்டுகள் மிலத்துப் பள்ளியில் ஆசிரியராக இருந்தார். பண்டிதர் என்ற பட்டப்பெயர் அந்தப் பள்ளிக்கூடம் தந்தது. பின்னாளில் அவரைப்போல் எல்லை கடந்து அளக்கப் போனவர்கள் எல்லாருக்கும் அதுவே பொதுப்பெயர் ஆயிற்று.

1802இல் நம் சென்னைப் பரங்கிமலை அருகே அடிக்கோடு ஒன்றை அளந்து தொடங்கிய மாபெரும் முக்கோண அளவை, அறுபது ஆண்டுகளில் இமயமலையைத் தொட்டுவிட்டது. தொலைவிலிருந்து கோணம் பார்த்தே சிகரங்களின் உயரத்தைக் கணக்கிட்டுவிட்டார்கள். ஆனால் சிகரங்களுக்குப் பின்னால் என்ன இருக்கிறது? அதைக் கோணமானி காட்டாது. திபெத்தோ அந்நியரை உள்ளே விடுவதில்லை. லாசா நகரம் எந்த இடத்தில் இருக்கிறது என்பதே திட்டமாகத் தெரியாத காலம் அது. வெள்ளைக்காரர் போக முடியாத இடத்துக்கு, அந்த முகமும் மொழியும் உடைய மலைநாட்டு மனிதரை அனுப்பலாம் என்று காப்டன் மான்ட்கோமரி என்ற அதிகாரி கருதினார். 1863இல் நைன் சிங்கும் மணி சிங்கும் டேராடூனுக்கு அழைக்கப்பட்டார்கள்.

ஜெபமாலையும் பாதரசமும்

டேராடூனில் அவர்கள் கற்ற பாடங்களுள் முதன்மையானது நடை. சமவெளியானாலும் ஏற்றமானாலும் இறக்கமானாலும் ஒரே அளவில் அடி வைக்க வேண்டும். மைலுக்கு இரண்டாயிரம் தப்படி. அப்படியானால் ஒரு தப்படி ஏறத்தாழ 80 சென்டிமீட்டர்.

எண்ணிக்கை தவறாமல் இருப்பதற்கு ஒரு ஜெபமாலை. வழக்கமான மாலையில் நூற்றெட்டு மணிகள். இவர் மாலையில் நூறுதான். நூறு தப்படிக்கு ஒரு மணி தள்ளவேண்டும். மாலை ஒரு சுற்று வந்தால் பத்தாயிரம் தப்படி, அதாவது ஐந்து மைல். கையில் சுழலும் ஜெபச் சக்கரத்துக்குள் மந்திரச் சுருளுக்குப் பதிலாகக் குறிப்புத் தாள்கள். பெட்டியின் கள்ள அடித்தட்டுக்குள் செக்ஸ்டண்டு என்ற கோணமானி. சோழிகளுக்குள் அடைத்து மெழுகிட்ட பாதரசம்.

பாதரசம் எதற்கு? வானத்தில் ஒரு விண்மீன் எத்தனை பாகை உயரத்தில் நிற்கிறது என்று அளக்க அடிவானம் தெரியவேண்டும். மலைநாட்டில் அடிவானம் ஏது? கிண்ணத்தில் பாதரசத்தை ஊற்றினால் அது மட்டமான கண்ணாடியாகிவிடும். விண்மீனுக்கும் பாதரசத்தில் தெரியும் அதன் நிழலுருவுக்கும் இடையே உள்ள கோணத்தை அளந்து பாதியாக்கினால் உயரம் கிடைத்துவிடும். அதிலிருந்து அந்த ஊரின் அட்சரேகையைக் கணக்கிடலாம்.

இடத்தின் உயரத்தை அறிய வெந்நீர் போதும். மேலே செல்லச் செல்லக் காற்றின் அழுத்தம் குறைவதால், தண்ணீர் குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கிறது. ஏறத்தாழ ஆயிரம் அடி ஏறினால் கொதிநிலை ஒரு பாகை செல்சியசு இறங்குகிறது. தேநீர் வைக்கும் பாவனையில் உஷ்ணமானியை நீரில் விட்டுப் பார்த்தால் மலையின் உயரம் தெரிந்துவிடும். நம் சோதனைக்கூடங்களில் முதலாண்டு மாணவன் செய்யும் சோதனைதான். ஆனால் அவன் உயிருக்கு அஞ்சிக்கொண்டு செய்வதில்லை.

லாசாவுக்கு

1865இல் இருவரும் காத்மாண்டு சென்று, அங்கிருந்து கிரோங் வழியாகத் திபெத்துக்குள் நுழைய முயன்றார்கள். எல்லைக் காவலர் ஐயுற்றுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மணி சிங் வேறு வழியாக ஊர் திரும்பினார். நைன் சிங் திரும்பவில்லை. லடாக்குக்காரர் போல் சடை தரித்து, வேறு வேடம் புனைந்து மீண்டும் புறப்பட்டார். லாசாவுக்குப் போகமாட்டேன், போனால் என் உயிர் என்னுடையதன்று என்று எழுதிக்கொடுத்த பிறகே அவரை உள்ளே விட்டார்கள். எழுதிக் கொடுத்துவிட்டு லாசாவுக்கே நடந்தார்.

தராதூம் என்ற இடத்தில் லடாக்கு வணிகர் கூட்டம் ஒன்றோடு சேர்ந்துகொண்டார். மேற்கே கார்தோக்கிலிருந்து கிழக்கே லாசா வரை ஏறத்தாழ எண்ணூறு மைல் நீளும் பெருவழி அது. அதில் இடையிடையே இருபத்திரண்டு தங்கல் நிலையங்கள் இருந்தன. அரசாங்கத் தூதர்கள் இரவும் பகலும் அவ்வழியே குதிரையில் விரைவார்கள். உடையை அவிழ்த்து ஓய்வெடுத்துவிடக் கூடாது என்பதற்காக, அவர்கள் சட்டையின் மார்பிலே முத்திரை வைத்துவிடுவார்களாம். சேருமிடத்து அதிகாரிதான் அதை உடைக்கலாம். இந்தச் செய்தியையும் குறித்துக்கொண்டு வந்தவர் நம் பண்டிதரே.

ஷிகாட்சேயில் பஞ்சன் லாமாவைத் தரிசிக்கக் கூட்டத்தார் புறப்பட்டார்கள். மனிதரின் உள்ளத்து இரகசியங்களை லாமா அறிவார் என்பது அந்நாட்டு நம்பிக்கை. ஒளிக்கவேண்டியது ஏராளமாக உள்ளவர் நைன் சிங். போகாமல் இருந்தால் ஐயத்துக்கு இடம். போனால் உள்ளம் நடுங்கும். போனார். அரியணையில் இருந்தவர் பதினோரு வயதுச் சிறுவர். வழக்கமான நலம் விசாரிப்போடு தரிசனம் முடிந்தது.

1866 ஜனவரியில் லாசாவை அடைந்து மூன்று மாதங்களுக்கு மேல் அங்கே தங்கினார். கையில் இருந்த பணம் கரைந்தது. நேப்பாள வணிகர்களுக்கு நம் நாட்டுக் கணக்கு முறையைக் கற்றுக்கொடுத்துப் பிழைத்தார். பழைய பள்ளி ஆசிரியர் அல்லரோ! காசுமீரத்து வணிகர் இருவர் அவர் யார் என்று கண்டுபிடித்துவிட்டார்கள், ஆனால் காட்டிக்கொடுக்கவில்லை. ஒருநாள், அனுமதியின்றி நகருக்குள் வந்த சீனர் ஒருவரைத் தெருவிலே தலை வெட்டக் கண்டார். அதன் பின் வெளியே நடமாடுவதையே குறைத்துக்கொண்டார். ஆயினும் விண்மீன் பார்ப்பதை நிறுத்தவில்லை.

ஏப்ரலில் அதே வணிகர்களோடு திரும்பினார். வந்த பெருவழியிலேயே தராதூம் வரை, பிறகு மேற்கே மானசரோவர் வரை. வழியில் பணத்துக்காகக் கடிகாரத்தை அடகு வைக்கவும் நேர்ந்தது. 1866 அக்டோபர் இறுதியில் டேராடூன் சேர்ந்தார். 1,200 மைல், இருபத்தைந்து இலட்சம் தப்படிகள், 31 இடங்களின் அட்சரேகை, 33 இடங்களின் உயரம். வேடத்தைக் களைந்து அவர் கொடுத்த கணக்கு இது.

ஒரு சென்டிமீட்டரின் விலை

இந்தக் கணக்கின் அருமையை அறிய நான் ஒரு சிறு சோதனை செய்தேன். முன்சியாரியிலிருந்து மிலத்துக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு மேற்பட்ட மலைவழி உண்டு. லீலம், பகுடியார், ரில்கோட், மார்தோலி, புர்ஃபு என்று ஊர் ஊராகக் கோரிகங்கையை ஒட்டிப் போவது. நண்பர் இருவரோடு அதைப் பகுதி பகுதியாக நடந்தேன். விடுமுறை நாள்கள் அளவாகத்தானே வரும்? ஓர் அக்டோபரில் பகுடியார் வரை. அடுத்த ஜூனில் மிலம் வரை. இரண்டாம் முறை போனபோது முதற்பகுதியை மறுபடியும் நடந்துதான் ஆகவேண்டும். அதிலும் ஒரு நன்மை இருந்தது. அதே வழியை இரண்டு தடவை எண்ணலாம்.

வலது சட்டைப்பையில் நூறு புளியங்கொட்டைகள். நூறு தப்படிக்கு ஒன்றை இடது பைக்கு மாற்றினேன். லீலத்திலிருந்து பகுடியாருக்கு முதல் முறை 21,340 தப்படி. இரண்டாம் முறை 20,910. பாறைச் சரிவில் கால் குறுகுகிறது, இறக்கத்தில் நீளுகிறது, முழங்கால் வலித்தால் மறுபடியும் குறுகுகிறது. வேறுபாடு நூற்றுக்கு இரண்டு. சிறிதுதானே என்று தோன்றும். ஆயிரத்து இருநூறு மைலில் நூற்றுக்கு இரண்டு என்றால் இருபத்து நான்கு மைல்!

இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். நைன் சிங்கின் தப்படி ஒவ்வொன்றும் ஒரே ஒரு சென்டிமீட்டர் குறைந்திருந்தால் முடிவில் ஏறத்தாழ 24 கிலோமீட்டர் பிழை சேர்ந்திருக்கும். வடக்கு தெற்காக நேரும் பிழையை விண்மீன் திருத்திவிடும். ஏனெனில் அட்சரேகையை வானம் சொல்லிவிடுகிறது. கிழக்கு மேற்காக நேரும் பிழையைத் திருத்த அவரிடம் கருவி இல்லை. தீர்க்கரேகையை அறிய, புறப்பட்ட இடத்து நேரத்தை மாறாமல் காட்டும் துல்லியமான கடிகாரம் வேண்டும். அல்லது தந்தி வேண்டும். லாசாப் பெருவழியோ கிழக்கு மேற்காகவே செல்வது. ஆகவே அந்த நாட்டின் நீளம் முழுவதும் ஒரு மனிதரின் காலை நம்பி இருந்தது. தராதூமுக்கும் லாசாவுக்கும் இடையிலான வழியை அவர் இருமுறை கடந்தார் என்பதை நினைக்கும்போது எனக்கு ஒரு மகிழ்ச்சி. சோதனைக்கூடத்தில் எங்கள் பேராசிரியர்கள் வற்புறுத்துவதும் அதுதானே: ஒருமுறை அளந்தது அளவை அன்று.

அவர் லாசாவுக்குக் கொடுத்த அட்சரேகை 29 பாகை 39 கலை 17 விகலை. இன்றைய வரைபடமும் அந்நகரை அங்கேதான் காட்டுகிறது. அவர் கொடுத்த உயரம் ஏறத்தாழ 11,700 அடி. இன்று நாம் அறிவது ஏறத்தாழ 12,000 அடி. கொதிநீரில் முந்நூறு அடிப் பிழை என்பது செல்சியசில் ஒரு பாகையின் மூன்றிலொரு பங்கு. காற்றழுத்தம் வானிலையோடு மாறும் என்பதை நினைத்தால் இதைப் பிழை என்று சொல்லவும் நாக் கூசுகிறது.

மீண்டும் மீண்டும்

ஒரு பயணத்தோடு அவர் ஓயவில்லை. 1867இல் மணி சிங்கோடு மேற்குத் திபெத்தின் தோக் ஜாலுங் தங்க வயல்களைத் தேடிப் போனார். பதினாறாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரம். காற்றின் கொடுமைக்கு அஞ்சி அங்கே குழி தோண்டி அதற்குள் கூடாரம் அடிக்கிறார்கள். 1873இல் யார்க்கந்துக்குச் சென்ற தூதுக் குழுவோடு புறப்பட்டார்.

1874 ஜூலையில் லேயிலிருந்து தொடங்கியதே கடைசிப் பெரும் பயணம். லாமா வேடம்; மூட்டை சுமக்க ஆடுகள். பாங்கோங் ஏரியைக் கடந்து, அதுவரை எவரும் அளந்திராத வட திபெத்தின் ஏரிகளின் ஊடே நடந்தார். ஆடுகளில் சிலவே இறுதிவரை தாங்கின. நவம்பரில் லாசாவை அடைந்து, தம்மை அடையாளம் கண்டுவிடுவார்களோ என்ற அச்சத்தால் இரண்டே நாளில் வெளியேறினார். சாங்போ ஆற்றைக் கடந்து தவாங்குக்கு வந்தார். அங்கே வாரக்கணக்கில் தடுத்து வைத்தார்கள். 1875 மார்ச்சு முதல் நாள் அசாமில் உள்ள உதல்குரியை அடைந்தார். இம்முறை 1,400 மைல்.

இங்கிலாந்தின் இராயல் புவியியல் கழகம் 1868இல் தங்கக் கடிகாரமும் 1877இல் தங்கப் பதக்கமும் வழங்கியது. பதக்கம் அறிவிக்கப்பட்ட சபையில் அவர் இல்லை, வேறொருவர் பெற்றுக்கொண்டார். அரசாங்கம் ஒரு கிராமத்தின் வருவாயை மானியமாகக் கொடுத்தது. ஓய்வுக்குப் பின் அவர் மறுபடியும் ஆசிரியர் ஆனார். புதிய பண்டிதர்களுக்கு நடை கற்பித்தார். அவருடைய உறவினர் கிஷன் சிங் 1878 முதல் நான்கு ஆண்டுகள் திபெத்துக்கு அப்பாலும் சுற்றி வந்தார். கொள்ளையருக்கு அஞ்சிக் குதிரைமேல் போகவேண்டி வந்தபோது குதிரையின் முன்காலடிகளை எண்ணி அளந்தார் என்றால், அந்தப் பள்ளியின் பாடம் எத்தகையது என்பது விளங்கும். 2004இல் நம் அஞ்சல் துறை நைன் சிங்கின் உருவம் பொறித்த தலையை வெளியிட்டது.

யார் பொருட்டு?

இத்தனையும் எழுதிய பின் ஒரு கேள்வியை மறைத்துவிட்டுப் போக எனக்கு மனமில்லை. நைன் சிங் செய்தது விஞ்ஞானமா, வேவா?

உள்ளதை உள்ளபடி சொன்னால் இரண்டும்தான். திபெத்தியர் யாத்திரிகரை நம்பினார்கள். அவர் யாத்திரிகராக வேடம் பூண்டார். எழுதிக் கொடுத்த வாக்கை மீறினார். மாலையும் சக்கரமும் அந்நாட்டாருக்குப் புனிதமானவை. அவருக்கு அவை கருவிகள். அந்த அளவைகள் ஓர் ஏகாதிபத்தியத்தின் அலமாரிக்குப் போயின. 1904இல் ஆங்கிலப் படை லாசாவுக்குள் புகுந்தபோது திபெத்தைப் பற்றி அதற்கு இருந்த அறிவில் பண்டிதர்களின் தப்படிகளுக்கும் பங்கு உண்டு. அவரை ஏவியவர்களின் நோக்கத்தை அவர் அறியாதவர் என்று சொல்லி அவரைச் சிறு குழந்தை ஆக்குவதும் நியாயமன்று.

ஆனால் அதற்காக அவரைத் தள்ளிவிடவும் என் மனம் ஒப்பவில்லை. பொய் வேடம் புனைந்த அந்த மனிதர் தம் கணக்கில் ஒரு பொய்யும் எழுதவில்லை. யாரும் உடன் இல்லை. யாரும் சரிபார்க்கப் போவதில்லை. களைத்த நாளில் ஆயிரம் தப்படியைக் குத்துமதிப்பாகச் சேர்த்து எழுதியிருந்தால் எவர் கண்டுபிடித்திருப்பார்? அவர் அப்படிச் செய்யவில்லை என்பதற்கு அந்த வரைபடமே சான்று. ஆய்வேட்டின் எண்களை ஓர் இலக்கம் அப்படி இப்படி நகர்த்தினால் என்ன என்று ஆசை எழாத விஞ்ஞான மாணவன் எவன்? அந்த ஆசைக்கு விடையாக எனக்கு நினைவுக்கு வருபவர் நைன் சிங். அதே சமயம், அளந்து முடித்த எண் யாருடைய கைக்குப் போகிறது என்று கேட்கவும் அவருடைய வரலாறே கற்பிக்கிறது. முதற்பாடம் அவர் செய்ததிலிருந்து. இரண்டாம் பாடம் அவர் செய்யாமல் விட்டதிலிருந்து.

1962இல் எல்லைப் போர் மூண்டபின் திபெத்து வாணிகம் நின்றது. மிலத்தின் வீடுகள் பலவும் கூரையற்று நிற்கின்றன. கோடையில் சில குடும்பங்கள் வருகின்றன. அங்கே நாங்கள் கண்ட பெரியவர் ஒருவர், மேலே கணவாய்க்குச் செல்லும் வழியைக் கைநீட்டிக் காட்டினார். அவர் காலத்தில் அவ்வழியே உப்பு வந்ததாம். நைன் சிங் அளந்த வழிகளை இன்று விண்கோள்கள் ஒரு நொடியில் அளந்துவிடுகின்றன. ஆனால் ஒரு நாட்டின் பரப்பைக் காலால் அறிந்தவருக்கு அங்கிருக்கும் குளிரும் பசியும் மனிதரும் தெரியும். அவருடைய குறிப்புகளில் அட்சரேகைக்குப் பக்கத்தில் தங்கல் நிலையமும், முத்திரையிட்ட சட்டையும், கூடாரக் குழியும் இருப்பதற்கு அதுவே காரணம்.

வரும் விடுமுறையில் மலைப்பக்கம் போக எண்ணும் நம் மன்றத்து அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். முழு வழியையும் ஒரே மூச்சில் முடிக்க வேண்டியதில்லை. ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள், தப்படிகளை எண்ணுங்கள், அடுத்த ஆண்டும் அதே பகுதியை எண்ணுங்கள். இரண்டு எண்களும் வேறுபட்டால் இரண்டையும் எழுதி வையுங்கள்.